பச்சை நூலில் மூன்று தையல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகந்தானே என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அடுத்த கேள்வி கேட்பதற்குள் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், உன் வீட்டு அடுப்பு மூன்று மாதமாக அணையவே இல்லை போலிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தையும் நீ பாதியில் வைக்கலாம், ஆனால் வைத்த இடத்திலேயே அது கிடக்கும், கோபம் தணிந்ததும் எடுத்து மிச்சத்தைப் படிக்கலாம். அந்த வசதி போனில் இல்லை. போதாக்குறைக்கு அந்தப் போனை அப்பா காதில் வைத்துவிட்டுக் கொடுத்தால் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதைத் துடைத்து முடிப்பதற்குள் நீ போய்விடுகிறாய்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா ஓய்வு பெற்று ஐம்பது நாள் ஆகிறது. எங்கள் சலவை நிலையத்து வேனை முப்பது வருடம் ஓட்டிய மனிதர், பொழுது முழுக்க வீட்டுக்குள் இருந்தால் எப்படி இருப்பார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது, தெரியாமலே போயிருக்கலாம். ஒரே துண்டு. முகம் துடைக்க அதுதான், கால் துடைக்க அதுதான், முந்தாநாள் ஜன்னல் கண்ணாடியையும் அதிலேயே துடைத்துவிட்டு அதைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். மாடி வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார், அதைக் குழந்தை என்கிறார், குழந்தை படிக்கட்டில் என்ன செய்தாலும் அவருக்குப் பெருமையாக இருக்கிறது, பின்னால் வாளித் தண்ணீரோடு போகிறவள் நான். உன் அத்தைக்குப் பல்செட் வந்துவிட்டது. நாலு பேர் உட்கார்ந்திருக்கிறபோது அதைக் கழற்றி என் கண்ணாடி டம்ளரில் போட்டு, நல்லா வந்திருக்கா பாருங்க அண்ணி என்று நீட்டினாள். அந்த டம்ளரை அவளுக்கே கொடுத்துவிட்டேன். ஏதோ பாசத்தில் கொடுத்ததாக நினைத்து அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லட்டும்.

இதைப் படித்து உனக்குச் சிரிப்பு வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இந்த முகச்சுளிப்புதான் உனக்கும் எனக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு வருடம் முன்பு நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாய், அவளுக்கு அப்போது பத்து மாதம். வந்த மறுநாள் காலை என் கட்டிலில் அவளைப் படுக்கவைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். குடித்த பாலை அவ்வளவும் கக்கினாள், கீழேயும் போய்விட்டாள். நான் ஓடிவந்து விரிப்பின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினேன், பிள்ளை வெறும் மெத்தையில் உருண்டு வீரிட்டு அழுதது, விரிப்பைச் சுருட்டி மூக்குக்கு எட்டாத தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் நீ ஈரத் தலையோடு கதவருகே நிற்கிறாய். நீ பிள்ளையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். பத்து நாள் இருக்க வந்தவள் ஆறாம் நாள் கிளம்பினாய், மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய், நானும் நம்பியதுபோல இருந்துகொண்டேன். அப்புறம் நீ வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டாய், நான் வருஷா வருஷம் ஒன்று சொன்னேன், முதல் தடவை முழங்கால், அப்புறம் லீவு, அப்புறம் அப்பாவின் சர்க்கரை. மூன்று மாதம் முன்பு நீ சொல்லிவிட்டாய், "உனக்கு என் பிள்ளையைத் தொடவே அருவருப்பும்மா. இனிமே வான்னு நான் கூப்பிட மாட்டேன்." குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, சண்டை போடுகிற பெண் சமாதானமாகிவிடுவாள், நீ ஏதோ கணக்கை முடித்துக்கொண்டவள் மாதிரிப் பேசினாய்.

முழங்கால் பொய். லீவு பொய். அப்பாவின் சர்க்கரை உண்மை, ஆனால் அது அவரை ஒரு நாளும் எங்கும் போகவிடாமல் தடுத்ததில்லை. நான் வராததற்குக் காரணம், உன் ஊருக்கு வர இரண்டு நாள் ஆகும், நடுவில் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்கியாக வேண்டும். அவ்வளவுதான். பெற்ற மகளைப் பார்க்க முடியாமல் போனதற்கு இப்படி ஒரு காரணமா என்று நீ கேட்பாய். எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா என்ன வேலை என்று கேட்டால் சலவை நிலையத்தில் மேற்பார்வை என்று நீ பள்ளிக்கூடத்திலிருந்தே எழுதிவருகிறாய். முதல் பத்து வருடம் நான் மேற்பார்வை இல்லை, அழுக்குப் பிரிக்கிற அறையில் இருந்தேன், அதை உனக்குச் சொன்னதில்லை. ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக விரிப்புகள் வரும், நாங்கள் ஆறு பெண்கள், ஒரு ஜோடி கையுறை ஒரு வாரம் தாங்க வேண்டும். அதில் என்னென்ன இருக்கும் என்று எழுத மாட்டேன், நீ சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவள். டை கட்டி, வாசனை பூசி, கதவைத் திறக்க ஆள் வைத்துக்கொண்டு உள்ளே போகிற கனவான்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டால் யார் என்று எனக்குத் தெரியும். ஷூவை விரிப்பில் துடைப்பவன், மூக்கை விரிப்பில் சிந்துபவன், சாப்பிட்ட கையை விரிப்பில் துடைப்பவன், இவர்களெல்லாம் நல்லவர்கள், இவர்களைப் பற்றி எழுதலாம். குடும்பமாக வந்து தங்கினவர்களின் விரிப்பு தனியாகத் தெரியும், ரொட்டித் தூள், கலர் பென்சில் கோடு, ஒரு ஓரத்தில் பிள்ளையின் மூத்திரம், நாலு பக்கமும் கடல் மணல். அந்த மணல் இயந்திரத்தின் வடிகட்டியை அடைத்துவிடும், குனிந்து விரலால் தோண்டி எடுக்க வேண்டும், தோண்டத் தோண்ட அந்தக் குடும்பத்தைத் திட்டுவேன். எவரோ எங்கேயோ போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வந்த குப்பையை வாருவதுதான் என் பிழைப்பாக இருந்தது. நீ பார்த்தாயே ஒரு முகம், அது அந்த அறையில் வந்தது. வாயால் மூச்சு விட வேண்டும், மூக்கைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், முனையைப் பிடித்து ஒரே உருவல், தூரத்தில் நீட்டிப் பிடித்துத் தொட்டியில் எறிய வேண்டும், ஒரு விரிப்புக்கு மூன்று நொடி, அதற்கு மேல் யோசித்தால் வேலை நடக்காது. அன்று கட்டிலில் நம் பிள்ளை இருந்ததை என் கை பார்க்கவில்லையடி, கை விரிப்பைத்தான் பார்த்தது. அதை எப்படி உனக்குச் சொல்வது என்று நாலு வருடம் தெரியாமல் இருந்துவிட்டேன்.

இப்போது நான் இருக்கிற இடம் கௌரவமானது. அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசை, துவைத்து வந்த விரிப்பை அதன்மேல் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்லது இஸ்திரிக்குப் போகும், லேசாகக் கறை இருந்தால் மறுபடி துவைக்கப் போகும், எத்தனை துவைத்தாலும் போகாத கறையோ நைந்த துணியோ இருந்தால் அதன் ஓரத்தில் மூன்று தையல் போட்டுக் கழித்துவிட வேண்டும். கழித்ததை எட்டுத் துண்டாக வெட்டி இயந்திரம் துடைக்கிற துணியாக்கிவிடுவார்கள், அதுதான் நிலையத்தின் விதி. பார்க்கிறவர்கள் மூன்று பேர், ஒருத்திக்குச் சிவப்பு நூல், ஒருத்திக்கு நீலம், எனக்குப் பச்சை. நான் இடது கைக்காரி என்பதால் என் தையல் மட்டும் சாய்ந்திருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அப்பா ஓய்வு பெற்ற வாரம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டேன், ஏதாவது சட்டை கிட்டை கேட்பார் என்று நினைத்தேன். "முப்பது வருஷமா ஓட்டலுக்கெல்லாம் பின்வாசல் வழியாத்தான் போயிருக்கேன். ஒரே ஒரு தடவை முன்வாசல் வழியாப் போகணும்" என்றார். அதோடு நிறுத்தவில்லை, கடற்கரை ஊரில் ஒரு ஓட்டல் இருக்கிறது, இரண்டு நாள் போய்த் தங்குவோம், நீ அதைத் தாங்கிவிட்டால் நேராக மகள் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துவிடலாம், தாங்கவில்லையென்றால் அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றார். முழங்கால் பொய் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த ஓட்டல் எங்களிடம் துவைக்கக் கொடுக்கிற ஓட்டல் இல்லை, அதன் அழுக்கு எனக்குத் தெரியாது, அந்த ஒரு தைரியத்தில் சரி என்றேன். எங்கள் வீட்டு விரிப்பு இரண்டை என் கையால் வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, பையின் அடியில் வைத்தேன்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி என் கைப்பிடிமேல் வைத்தார், பெருவிரல் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தது. முன்சீட்டில் ஒரு அம்மாள் தலைவாரி, உதிர்ந்த முடியைச் சுருட்டி ஜன்னல் வழியாக விட்டாள், காற்று அதை எனக்கே திருப்பிக் கொடுத்தது. இறங்கின இடத்துக் கழிப்பறையைப் பற்றி எழுதினால் இந்தத் தாளை நீ தொட மாட்டாய். அப்பா மட்டும் புது ஷூ போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒவ்வொரு மைல்கல்லையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார், ஏதோ அவருக்காகவே நட்டு வைத்த மாதிரி. ஓட்டல் வாசலில் இறங்கினதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவை ஒருவன் திறந்து பிடித்துக்கொண்டு குனிந்தான், அப்பாவும் பதிலுக்குக் குனிந்துவிட்டார், அவன் மறுபடி குனிந்தான், இவரும் மறுபடி குனிந்தார், நான் பின்னாலிருந்து தள்ளியிருக்காவிட்டால் சாயங்காலம் வரை குனிந்துகொண்டே இருந்திருப்பார்கள். அறைக்குள் போய்ப் பையைத் திறந்தால் என் விரிப்புகளைக் காணோம். முன்வாசல் வழியாகப் போகிறவன் விரிப்பைச் சுமந்துகொண்டா போவான் என்று வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பழைய ஷூவை வைத்திருக்கிறார், புதுசு கடித்தால் மாற்றிக்கொள்ள. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் பயந்து, முன்வாசலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வெயில் நேராகக் கட்டில்மேல் விழுந்தது, மேல்போர்வை பட்டுமாதிரிப் பளபளத்தது, சரி ஆனது ஆகட்டும் என்று போர்வையை விலக்கினேன். பழக்கதோஷம், கை நேராக விரிப்பின் கீழ் ஓரத்துக்குப் போனது. மூன்று தையல். பச்சை நூல். சாய்ந்திருந்தது. என் கையெழுத்தை வேறொருவர் வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன், நடுவில் அந்தக் கறை இருந்தது. நான் எதற்காகக் கழித்தேனோ அதே கறை, மறையவும் இல்லை, மங்கவும் இல்லை, அதை மறைத்துப் பட்டுப் போர்வை. எத்தனை பேர் இதன்மேல் படுத்தார்களோ. எனக்கு அருவருப்பு கறையைப் பார்த்து இல்லை, கறை எனக்குப் பழசு. நான் வேண்டாம் என்று எழுதி அனுப்பியதை எல்லாம் எவனோ வேண்டும் என்று விற்றிருக்கிறான், இருபத்தேழு வருடமாக நான் குனிந்து பார்த்துப் பார்த்துப் போட்ட தையலுக்கு ஒரு செல்லாக்காசு மரியாதை இல்லை, அதுதான் அருவருப்பு. என் கைப்பையில் எப்போதும் சின்னக் கத்தரி இருக்கும், உனக்குத் தெரியும். விரிப்பை உருவி, விதிப்படி எட்டுத் துண்டாக வெட்டி, ஓரம் சேர்த்து மடித்து மேசைமேல் அடுக்கிவிட்டு, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

மேனேஜர் வந்தான், நல்ல சிவப்பு டை, காதுக்குள் ஒரு வாரத்து அழுக்கு. துண்டுகளைப் பார்த்தான், வெறும் மெத்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இப்படி ஒரு கெஸ்ட்டை அவன் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓட்டல் சொத்தைச் சேதம் செய்துவிட்டீர்கள் மேடம் என்று ஆரம்பித்தான். "இது பெட்ஷீட் இல்ல தம்பி, துடைக்கிற துணி. இதைக் கழிச்சது நான்தான்" என்று தையலைக் காட்டினேன். அவனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, மொத்தமாக வாங்குவது ஓட்டல் முதலாளி, எனக்குத் தெரியாது, வேறு விரிப்பு காலையில்தான் வரும், அந்தப் பொறுப்பிலிருக்கிற அம்மா இன்று லீவு, சாவி அவரிடம் என்றான். அப்பா அதற்குள் வந்து வாசலில் நின்றுவிட்டார், அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னை அடித்தது. மேனேஜர் போனதும் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புது ஷூவைக் கழற்றினார், கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வாரம் ஒரு தடவை கயிறு கட்டிய மூட்டை இரண்டை இதே ஓட்டலின் பின்வாசலில் இறக்கியிருக்கிறார், துடைக்கிற துணி என்று நம் முதலாளி சொன்னாராம், இவர் அவிழ்த்துப் பார்த்ததில்லையாம். மூட்டை இடுக்கில் தெரிந்ததைப் பார்த்து, துடைக்கிற துணிக்கு எதற்கு இஸ்திரி மடிப்பு என்று ஒரு தடவை தோன்றியதாம், கேட்கவில்லையாம். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உன் அப்பா திருடர் இல்லை, கேட்காமல் இருந்தவர், அந்த நேரம் எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர் வெறும் மெத்தையில் படுத்தார், நான் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினேன், காலையில் விழித்தபோது அவர் இல்லை, பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டிருந்தார்.

காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போனேன், போயிருக்க வேண்டாம். எல்லாரும் ஒரே கரண்டியைப் பிடிக்கிறார்கள், ஒரு பெரிய மனிதர் விரலை நக்கி நக்கி ரொட்டித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை அப்படியே வைத்தார். நான் உரிக்காத வாழைப்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு அம்மாள் விரிப்போடு நின்றுகொண்டிருந்தாள், என் வயது இருக்கும், கை விரல் என் விரல் மாதிரியே சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. கட்டிலில் விரிப்பதற்கு முன்னால் விரிப்பை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அப்பா என்னை மோப்பம் மோப்பம் என்று கிண்டல் செய்கிறாரே, அதே மோப்பம். அப்புறம் கீழ் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விரித்தாள். எதைத் தடவுகிறீர்கள் என்று கேட்டேன். அவள் மேசைமேல் இருந்த எட்டுத் துண்டையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "பச்சைத் தையல் இருந்தா நான் போட மாட்டேங்க. யாரோ ஒருத்தங்க நல்லாப் பாத்துத்தான் வேணாம்னு வெச்சிருக்காங்க. நேத்து நான் லீவு, புதுசா வந்த பொண்ணுக்குத் தெரியல." சிவப்பும் நீலமும் கூட அவளுக்குத் தெரியும், ஆனால் சிவப்பு நூல்காரி சில நாள் அவசரத்தில் நல்லதையும் கழித்துவிடுவாளாம், பச்சை ஒரு தடவையும் தப்பியதில்லையாம். பதினாலு வருடமாக அவள் அப்படித்தான் பிரித்து, பச்சையை மட்டும் அலமாரியின் அடியில் போட்டு, யாருக்கும் சொல்லாமல் தரை துடைக்கக் கிழித்துக்கொண்டு வருகிறாள். நான்தான் அந்தப் பச்சை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழத்தை உரிக்க ஆரம்பித்தேன், அவள் என் இடது கையைப் பார்த்தாள். "சாய்ஞ்சிருக்கும், இடது கைக்காரங்களாத்தான் இருக்கணும்னு நினைச்சேன்" என்றாள். பழத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். அவள் தொட்ட பாதியை, நான் தொட்ட பாதியை, இரண்டு பேரும் கை கழுவாமல் சாப்பிட்டோம். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் ஓரத்தில் பிளாஸ்டிக், செத்த மீன், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, இதைப் பார்க்கத்தான் உலகமே காசு கட்டி வருகிறது. அப்பா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார், ஷூவைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன், அவர் சொல்லவில்லை, மகள் வீட்டுக்குப் போக வேண்டாம், இனி கேட்க மாட்டேன், நீ தாங்க மாட்டாய் என்று பார்த்துவிட்டேன் என்றார். அந்த நிமிஷம் எனக்கு நீ போனில் பேசினதுதான் ஞாபகம் வந்தது, ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். நானும் தண்ணீரில் இறங்கினேன். காலுக்கு அடியில் மணல் நழுவியது, எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் நின்றேன். உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார், அந்தக் கை என்னென்ன தொட்டிருக்குமோ தெரியாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அலை வந்து இரண்டு பேரையும் இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது, அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன் என்று வைத்துக்கொள். மத்தியானம் அறைக்குப் போனதும் அவர் கால் கழுவப் போனார், நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் அந்த மணல் காலோடு, உப்புத் துணியோடு, அந்த அம்மாள் மோந்து பார்த்து விரித்த விரிப்பில் ஏறிப் படுத்தோம். கால் மணி நேரம் படுத்திருப்பேன், அதற்கு மேல் முடியவில்லை, உடம்பெல்லாம் நமைச்சல். ஆனால் அந்தக் கால் மணி நேரம் நன்றாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். எங்கோ ஒரு சலவை நிலையத்தில் ஒரு பெண் வடிகட்டியில் விரலை விட்டுத் தோண்டி எங்களைத் திட்டியிருப்பாள். திட்டட்டும், என் முறையும் வந்துவிட்டது.

திரும்பி வந்த திங்கட்கிழமை எட்டுத் துண்டில் தையல் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் மேசைமேல், அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். எங்கே கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி ஆகிவிட்டது முகம். இனிமேல் நான் கழிப்பதை என் மேசையிலேயே நானே வெட்டுவேன், மற்ற இரண்டு பேரும் அப்படித்தான், அதோடு எனக்கு ஆறு வாரம் லீவு வேண்டும் என்றேன். இரண்டுக்கும் தலையாட்டினார். அவரைப் பார்த்து அருவருத்துக்கொண்டே என் இடத்துக்கு வந்தேன், வந்து உட்கார்ந்ததும் என் மேலேயே அருவருப்பாகிவிட்டது. இருபத்தேழு வருடம் ஒரு கத்தரி என் மேசையிலும் இருந்தது. வெட்டுவது வேறு யார் வேலையோ என்று தையலோடு நிறுத்திக்கொண்டேன், அப்பா மூட்டையை அவிழ்க்காத மாதிரி. நீ ஆறாம் நாள் பெட்டியைக் கட்டியபோதும் ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் நின்று உனக்குத் துணி மடித்துக் கொடுத்தேனே, அதுவும் அப்படித்தான்.

நீ கூப்பிட மாட்டேன் என்றாய், அதனால் கூப்பிடாமலே வருகிறோம். வருகிற மாதம் பதினோராம் தேதி கிளம்புகிறோம், நடுவில் ஒரு ராத்திரி ஓட்டல், பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் உன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். விரிப்பு எடுத்துக்கொண்டுதான் வருவேன், மனுஷி ஒரே நாளில் மாறிவிட மாட்டாள், இந்தத் தடவை பையை நானே தூக்குவேன். நாங்கள் வருவது வேண்டாம் என்றால் அப்பாவிடம் சொல்லிவிடு, என்னிடம் சொல்லாதே. அப்பாவுக்கு இனிப்பு எதுவும் செய்து வைக்காதே, கெஞ்சுவார், மசியாதே. நீ இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, குரலே இளைத்திருக்கிறது. குட்டிக்கு நகம் வெட்டு, நகத்துக்குள்தான் எல்லாம் இருக்கும். வெள்ளையையும் கலரையும் ஒன்றாகப் போட்டு ஊறவைக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன், படத்தில் மாப்பிள்ளையின் சட்டைக் காலர் நீலமடித்திருந்தது, பார்த்தேன். அவருக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், இது அப்பாவும் நானும் சேர்ந்து சொல்வது.

ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா வருகிறாள் என்று புது விரிப்பு வாங்கிப் போடாதே, இருப்பதைத் துவைத்தும் போடாதே. சின்னக்குட்டி ஒரு வாரம் படுத்துப் புரண்டு, பாலைச் சிந்தி, ரொட்டியை உதிர்த்து, மூத்திரமே போயிருந்தாலும் சரி, அந்த விரிப்பை அப்படியே விட்டு வை. நான் அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதில்தான் படுப்பேன். நீ கதவருகே நின்று என் முகத்தைப் பார்.

இப்படிக்கு,
அங்கே வந்து சேரும்வரை இங்கே நாள் எண்ணும்
உன் அம்மா